புல்லைச் சுற்றி நடந்தவள்

இதை எனக்கு முதலில் சொன்னது முள்ளித்துறை டெக்லாக்கா. போன வருஷம் தவக்காலம் தொடங்கிய வாரம் என் இளைய மகளை நாகர்கோவிலில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம், பக்கத்துக் கட்டிலில் அவளுடைய மருமகள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வலி வருவதும் போவதுமாக இருக்க, நாங்கள் வெந்நீர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம், முடிந்ததும் பேசுவோம், பேச்சு முடிந்ததும் மறுபடி ஜெபமாலை சொல்வோம். அப்படி இரண்டு ஜெபமாலைக்கு நடுவில் வந்த கதை இது. கையில் மணியை வைத்துக்கொண்டு ஒருத்தி பொய் சொல்ல மாட்டாள் என்று நான் நம்பினேன்.

முள்ளித்துறை எங்கள் பக்கத்து மற்றக் கடற்கரை ஊர்களைப் போலத்தான். முன்னால் கடல், பின்னால் உடைமரக் காடு, நடுவில் வானதூதர் மிக்கேல் சம்மனசு கோயில், கோயிலுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல் திடல். அந்தத் திடலில் கால்பந்து. ஆண்கள் கடலுக்குப் போய் வந்த அலுப்பில் பந்தைப் பார்ப்பார்கள், பெண்கள் அலுக்காமல் பார்ப்பார்கள். பெரிய டீம் என்று ஒன்று, அதில் ஏறக் காத்திருக்கிற பையன்களுக்குச் சின்ன டீம் என்று ஒன்று. பெரிய டீமைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் உண்டு, ஆனால் சின்ன டீமைப் பெண்கள்தான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனுக்கு இடதுகால் வலு, எவனுக்கு முட்டி வீக்கம், எவன் பந்து தலைக்கு வந்தால் கண்ணை மூடுவான், எவனுக்கு இந்த வருஷம் உயரம் கூடி ஓட்டம் குறைந்துவிட்டது என்று குழாயடியில் குடத்தோடு நிற்பவளுக்குத் தெரிந்த அளவு கோச்சுக்குக்கூடத் தெரியாது. வயிற்றில் பிள்ளை இருப்பவளிடம் ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார்களாம், எந்தக் காலால் உதைக்கிறது என்றுதான் கேட்பார்களாம்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்ன டீமிலிருந்து பெரிய டீமுக்கு ஏறுகிற பையன், திருவிழாக் கொடியேறுகிற அன்று பூசை முடிந்ததும் மேலுக்குச் சட்டை இல்லாமல் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பான். சம்மனசின் காலடியில் வைத்திருந்த புதுச் சட்டையைப் பங்குச்சாமியார் எடுத்து அவன் தாயின் கையில் கொடுப்பார். தாய்தான் அதைத் தலைவழியாகப் போட்டுவிட வேண்டும். தாய் இல்லாதவனுக்குச் சித்தியோ ஞானத்தாயோ போட்டுவிடுவாள். கேட்கப்பட்டவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்தச் சட்டை வரிசையில் அடுத்து நிற்கிறவனுக்குப் போய்விடும். தாய் கை படாத சட்டையோடு முள்ளித்துறைக்காக இதுவரை ஒருத்தனும் களத்தில் இறங்கியதில்லை.

அந்த வருஷம் பெரிய டீமில் ஒரே ஒரு சட்டை காலியானது. ஒன்பதாம் நம்பர். அதைப் போட்டிருந்தவன் ரயில்வேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அடுத்து யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும், அது பிலோமி மகன் ஆக்னல்.

பிலோமி கருவாடு போடுகிறவள், டெக்லாக்காவுக்குப் பக்கத்து வீடு. புருஷன் இன்னாசி பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் இருந்தான், வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து, வீட்டில் சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவான். மகனையாவது கடல் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே ஜெபம். பெரிய டீமில் ஏறினால் மார்கழிப் போட்டிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவார்கள், ரயில்வேயோ துறைமுகமோ நிலத்தில் நின்று செய்கிற ஒரு வேலை கிடைக்கும். ஏறாவிட்டால் இந்த வருஷத்தோடு அவனுக்குச் சின்ன டீமின் வயசும் முடிகிறது, பஹ்ரைனில் அப்பனுடைய போட்டிலேயே ஒரு இடம் காத்திருக்கிறது. ஆகவே பிலோமி கொடியேற்றத்துக்கு உடுத்த மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள், குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தியே நின்றாள்.

அப்போதுதான் கால்பந்துக் கழகச் செயலாளர் ராயன் மலப்புறம் பக்கம் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆட்டம் பார்க்கப் போனவர், வரும்போது ஒரு வெளிநாட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கானா நாட்டுக் கடற்கரைப் பையன், பெயர் எபோ. ஏதோ டீமுக்கென்று அழைத்து வந்த ஏஜெண்ட் பாதியில் கைவிட்டுவிட்டானாம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கோயிலைப் பார்த்து நெற்றியிலிருந்து மார்புவரை ஒழுங்காகச் சிலுவை போட்டான், அதிலேயே பாதி ஊர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் திடலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான். அவன் ஓடிய இடமெல்லாம் புல் முளைத்தது. ஜெபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடிப்பதற்குள், கால் பதிந்த குழியிலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பி, விரல் உயரத்துக்குப் பச்சையாக நின்றது.

"ஆச்சரியமா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன் டெக்லாக்காவிடம்.

"ஆச்சரியப்பட நேரம் எங்கம்மா? எங்க ஊர்ல ஆடு ஜாஸ்தி," என்றாள் அவள்.

அன்றைக்கே ஆடுகள் வந்துவிட்டன. மறுநாள் அரிவாளும் சாக்குமாகப் பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் சண்டை வந்தது. கோல் போஸ்ட்டுக்கு முன்னால் முளைக்கிற புல் மிக்கேல் தெருவுக்கா, லூர்து தெருவுக்கா என்று இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொள்ள, பங்குச்சாமி தலையிட்டு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அன்பியம், அதாவது சேர்ந்து ஜெபம் சொல்கிற அக்கம்பக்கத்து வீடுகள், அறுத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை அறுத்தது கோயில் மாட்டுக்கு என்று முறை வைத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து பந்தலடியில் ஒரு நடை ஓடிவிட்டுப் போகச் சொன்னார்கள். கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் அப்பாவின் குழி மேல் மட்டும் பைய ஓடச் சொன்னார்கள், அந்தக் குழி பச்சையாகி நிற்பதைப் பார்த்துப் பக்கத்துக் குழிக்காரர்கள் எங்கள் அப்பா மட்டும் என்ன பாவம் செய்தார் என்று கேட்டு வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் முள்ளித்துறையான் மணலுக்குச் சாயம் அடிக்கிறான் என்று சொல்லித் திரிந்தார்கள், சொன்னவர்களே மறுவாரம் ஒரு சாக்கு மணலைக் கொண்டுவந்து, தம்பி இதில் ஒரு மிதி மிதித்துத் தரட்டும் என்று நின்றார்கள்.

எபோவுக்கு இது பிடிக்கவில்லை. அவன் நல்ல கோபக்காரன். "நான் பந்து விளையாட வந்தேனா, உங்கள் ஆட்டுக்குத் தீனி போட வந்தேனா?" என்று சாமியிடம் இங்கிலீஷில் கத்தினான். பந்து கிடைத்தால் யாருக்கும் கொடுக்காமல் தானே கொண்டுபோய் அடிப்பான். கண் விழித்தால் போனில் முகம் பார்த்து அம்மாவோடு பேச்சு. எந்த ஊர் அம்மாவும் பிள்ளையிடம் என்ன கேட்பாள், சாப்பிட்டாயா என்றுதானே, அதற்கு அவன் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவான். அவன் பின்னால் எப்போதும் அரிவாளோடு இரண்டு பெண்கள் குனிந்தபடி வருவார்கள். அவன் திரும்பிப் பார்த்தால் பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள்.

புல் யாருக்குப் பாலானாலும் ஆக்னலுக்கு விஷமானது. அவனுடைய வித்தை மணலில் இருந்தது. மணலில் புதைந்து கிடக்கிற பந்தைப் பெருவிரலால் நெம்பி எடுத்து, நெஞ்சுக்கு ஏற்றி, எதிராளி காலை மணலிலிருந்து பிடுங்குவதற்குள் தாண்டிப் போய்விடுவான். அதற்காகத்தான் ஊர் அவனைச் சின்ன டீமில் நாலு வருஷமாகப் பொத்திப் பொத்திப் பார்த்தது. இப்போது திடல் பச்சையாகிவிட்டது. பந்து புதையவில்லை, உருண்டு ஓடியது. நெம்புகிற கால் வழுக்கியது. பெரிய டீமோடு வைத்த பரீட்சை ஆட்டத்தில் எபோ மூன்று கோல் அடித்தான், ஆக்னல் இரண்டு தடவை மல்லாக்க விழுந்தான். இரண்டாவது தடவை விழுந்தபோது யாரோ ஒருத்தி, "ஏட்டி பிலோமி, ஒன் மகன் நீச்சலடிக்கான் பாரு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். போன மாதம்வரை அவள் மகனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் அவர்கள்.

அன்றைக்கே ராயன் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

"பிலோமி, தப்பா நெனக்காத. ஒன்பது அவனுக்குத்தான். கமிட்டி முடிவு பண்ணியாச்சு."

"யாரு கமிட்டி? ஆடா?" என்று கேட்டாள் பிலோமி.

அதற்குப் பிறகு அவள் அந்தப் புல்லைத் தொடவில்லை. அவள் அன்பியத்துக்கு முறை வந்த அன்றும் அரிவாள் எடுக்கவில்லை. அவள் கருவாடு காயப்போடுகிற இடம்வரை புல் வந்து, வலையை விரித்தால் அடியில் ஈரம் கட்டி மீன் நாறியது. அப்போதும் ஒரு புல்லைக்கூடப் பிடுங்காமல் வலையைத் தூக்கிக்கொண்டு தூரமாய்ப் போனாள். வீட்டில் ஒரு செவலை ஆடு நின்றது. எல்லா ஆடும் தின்று கொழுக்க, அவள் ஆடு மட்டும் கயிற்றில் கட்டிக் கிடந்து கத்தியது, அவள் ரோடுவரை நடந்துபோய்ப் பூவரசங்குழை ஒடித்து வந்து போட்டாள். திடலைக் கடக்க வேண்டியிருந்தால் புல் முளைத்த இடத்தையெல்லாம் சுற்றிச் சுற்றி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து போவாள். தீயைச் சுற்றிப் போவது மாதிரி இருக்கும் என்றாள் டெக்லாக்கா. உள்ளுக்குள் அவளுக்கு எரிந்த எரிச்சலுக்கு அந்தப் புல்லில் கால் பட்டால் அது கருகும், இல்லையென்றால் அவள் கருகுவாள், அப்படி நினைத்துக்கொண்டு நடந்திருப்பாள்.

கோயிலில் அவள் கேட்டதை டெக்லாக்கா பக்கத்தில் முழங்காலில் நின்று கேட்டிருக்கிறாள். "மிக்கேல் சம்மனசே, அந்தப் பையனுக்குக் கால் ஒடிய வேண்டாம், அவனும் ஒருத்தி பெத்த பிள்ளை. ஒரு சின்னச் சுளுக்கு. இல்லேன்னா காய்ச்சல், ஊசி போடாத காய்ச்சல். இல்லேன்னா ஒரு நாலு நாள் வயித்துப்போக்கு, கொடியேறுத வரைக்கும்." கேட்டுவிட்டு, கேட்டது பாவம் என்று அதற்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வாள்.

எபோவுக்கு வீடு வீடாக முறை வைத்துச் சாப்பாடு. பிலோமி வீட்டு முறை வந்தபோது, மாட்டேன் என்றால் ஊர் பேசும் என்று சமைத்தாள். சமைக்கும்போது கை நிறைய மிளகாய் வற்றலை அள்ளி அம்மியில் வைத்தாள், போதாதென்று இன்னொரு கை வைத்தாள். சாளைக் குழம்பு சிவப்பாய்க் கொதித்து நெடி தெருவுக்கே இருமலைக் கொடுத்தது. ஆக்னல் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து தண்ணீர்ப் பானைக்கு ஓடினான். எபோ வேர்க்க வேர்க்க, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டான். தட்டை வழித்தான். பிறகு தட்டை நீட்டி, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "இன்னும், அம்மா," என்றான். இந்த ஊருக்கு வந்த நாளாக எல்லாரும் விருந்தாளி என்று காரமில்லாமல் போட்டிருக்கிறார்கள், அவன் ஊரிலோ மிளகாய் இல்லாமல் ஒன்றும் இறங்காதாம். பிலோமிக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் அது காரத்தினால் என்று நினைத்து, தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

கொடியேற்றம் நெருங்கியது. எபோவுக்குச் சட்டை போடுவது யார் என்ற பேச்சு எழுந்தது. தாய் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், ஞானத்தாய் செத்துப்போனாளாம். யாராவது ஒருத்தி தாயாக நிற்க வேண்டும். அரிவாள் பிடித்த எல்லாருக்கும் ஆசை. ராயனின் மனைவி தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டாள். மாதர் சங்கத் தலைவி, பதவி என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்றாள். முடியைப் பிடித்துக்கொண்ட அந்த இரண்டு பெண்களும் மறுபடி பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். கடைசியில் சாமி ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஊரை உட்கார வைத்து எபோவையே கேட்டார். அவன் எழுந்து, பெண்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, தூணுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பிலோமியைக் கை நீட்டிக் காட்டினான். பிறகு சாமியிடம் நெடுநேரம் இங்கிலீஷில் சொன்னான். சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னார்.

"இந்த ஊரில் எல்லாரும் என் காலடியில் கத்தி வைக்கிறார்கள். அந்த அம்மா மட்டும் ஒரு நாளும் வைக்கவில்லை. என் புல்லை மிதிக்கக்கூட மனம் வராமல் சுற்றிப் போகிறார்கள். தன் ஆட்டைப் பட்டினி போட்டாலும் போட்டார்கள், ஒரு புல்லைப் பிடுங்கவில்லை. என்னை வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக் காரம் போட்டுச் சோறு போட்டதும் அவர்கள்தான். அவர்கள் போடட்டும்."

எல்லாத் தலையும் தூண் பக்கம் திரும்பியது. அவள் ஏன் சுற்றிப் போனாள் என்று கைப்பிள்ளை தவிர எல்லாருக்கும் தெரியும். டெக்லாக்காவுக்கு இருமல் வந்தது. யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும், அந்தப் பையனுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஒருவரும் திறக்கவில்லை. ஆட்டுக்குப் புல் போய்விடும் என்ற பயமா, பையனின் முகத்தைப் பார்த்தா என்று டெக்லாக்காவுக்கே தெரியவில்லையாம். அன்றிலிருந்து முழு ஊரும் சேர்ந்து அந்த ஒரு உண்மையை மூடி வைத்தது, குழாயடியில்கூட அது சிந்தவில்லை.

ராயன் மறுபடி வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நீ மாட்டேன்னா சட்டை ஒன் மகனுக்குத்தான் வரும். சட்டம் அது, நான் மறைக்கல. ஆனா ஊர் ஜெயிக்காது பிலோமி."

"ஊரு ஜெயிச்சா எம்மவன் பஹ்ரைனுக்குப் போவான் அண்ணே."

ராயன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்.

பிலோமி மகனைக் கேட்டாள். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பெரிய மனசோடு ஏதாவது சொல்லுவான் என்று அவள் கொஞ்சம் எதிர்பார்த்தாள், சொல்லிவிட்டால் அவள் பாரம் இறங்கிவிடும். அவன் திரும்பாமலேயே சொன்னான்.

"போடாதம்மா. எனக்கு அது வேணும்."

"சரி எய்யா. போடல," என்றாள் அவள்.

கொடியேறுகிற அன்று மாம்பழ நிறச் சேலையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, மீன் வாடை போகாத பழைய சேலையில் போனாள். மாட்டேன் என்று சொல்வதற்கு அது போதும். கொடி ஏறியது, வெடி போட்டார்கள், பூசை முடிந்தது. எபோ மேலுக்குச் சட்டையில்லாமல் முழங்காலில் நின்றான். ஆக்னல் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில், அவனும் எந்த நேரமும் சட்டையைக் கழற்றத் தயாராக மேல் பித்தானை அவிழ்த்துவிட்டு நின்றான். சாமி சட்டையை எடுத்துப் பிலோமி கையில் கொடுத்தார். மஞ்சள் சட்டை, முதுகில் ஒன்பது. அதை அப்படியே திருப்பிச் சாமி கையில் கொடுத்தால் முடிந்தது. ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

அப்போது எபோ கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பீடத்துப் படியில் பூந்தொட்டிமேல் சாய்த்து வைத்தான். அதில் ஒரு பெண் தெரிந்தாள். பிலோமி வயசுதான் இருக்கும். கோயிலுக்கு உடுத்துகிற மாதிரி நல்ல உடுப்பு, தலையில் துணிக்கட்டு, பின்னால் புகை. மீனைப் புகையில் வாட்டுகிறவளாம் அவள், தட்டுத் தட்டாக மீன் தெரிந்தது. தன் மகனுக்குச் சட்டை போடுவதைப் பார்க்கக் காத்திருந்தாள். அவள் மகனைப் பார்க்கவில்லை, பிலோமியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைப் பிடித்திருந்த இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பிலோமிக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளாக அவளே அதைச் சுமந்துகொண்டுதானே திடலைச் சுற்றினாள்.

அந்தப் பெண் ஏதோ கேட்டாள், சுருக்கமாக, கொஞ்சம் கடுமையாக. எபோ தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன சொல்லுதா சாமி?" என்று பிலோமி கேட்டாள்.

சாமி அவனிடம் கேட்டுவிட்டுத் தயங்கினார். "வந்து... 'யார் அவள்? நான் செத்தா போய்விட்டேன்?' என்று கேட்கிறார்கள்."

அதைக் கேட்டதும் பிலோமிக்கு, அத்தனை நாளில் முதல் தடவையாக, வயிற்றுக்குள் எரிந்த இடத்தில் யாரோ கை வைத்த மாதிரி இருந்ததாம். பத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருத்தி தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். தனக்கு வேண்டாத ஒன்றுக்காக. தான் தூக்கி எறிய வந்த ஒன்றுக்காக.

அவள் சட்டையைச் சாமியிடம் கொடுக்கவில்லை. போனுக்கு முன்னால் போய்க் குனிந்து, சட்டையை விரித்து, முன்பக்கம், பின்பக்கம், ஒன்பது, கழுத்துத் தையல் எல்லாம் காட்டினாள், கடையில் துணி காட்டுகிற மாதிரி. பிறகு தமிழிலேயே சொன்னாள். "நீ போடு பிள்ளே. நான் புடிச்சுக்கிடுதேன்." யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புகைக்கு நடுவில் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பிலோமியும் சட்டையைத் தூக்கினாள். அந்தக் கை இறங்க இறங்க இந்தக் கை இறங்கியது. காதில் சட்டை மாட்டியதும் அங்கே அவள் ஏதோ அதட்ட, இங்கே பிலோமி, "தலையைக் குனிலே," என்று அதட்ட, எபோ இரண்டு பேருக்கும் சேர்த்துத் தலையைக் குனிந்தான். பிலோமி நிமிர்ந்தபோது ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஆக்னல் பித்தானைப் போடாமலேயே வெளியே போய்விட்டான்.

முள்ளித்துறை அந்த வருஷம் ஜெயித்தது. அதற்கடுத்த வருஷம் ஒரு பெரிய நகரத்து டீம் எபோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. அங்கே திடலில் ஏற்கெனவே புல் இருக்கிறதாம், அவன் கால் வைத்து முளைக்கிறதா, முன்னமே இருந்ததா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைத்தால் ஊருக்கு வயிறு எரிகிறது. தெரியாதவன் கையில் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று ராயன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து முனகுவார். முள்ளித்துறைத் திடல் கோடையில் காய்ந்து வைக்கோலாகி, ஆடு தின்றது போக மீதியைக் காற்று கொண்டுபோய், பழையபடி மணலாகிவிட்டது. இப்போது சின்ன டீமில் மணலில் நெம்புகிற வேறொரு பையன் வந்திருக்கிறான், பெண்கள் அவனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிலோமி பார்ப்பதில்லை.

அவளும் கானா நாட்டுக்காரியும் இன்னும் போனில் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. இவள் கருவாட்டைத் தூக்கிக் காட்டுவாள், அவள் வாட்டிய மீனைக் காட்டுவாள். பிறகு அவள், மகன் நேற்றுக்கூடக் கூப்பிட்டான் என்பதை விரலால் காதைத் தொட்டுக் காட்டுவாள். அன்றைக்கு முழுவதும் பிலோமி யாரிடமும் சரியாகப் பேசமாட்டாளாம்.

ஏனென்றால் ஆக்னல் கூப்பிடுவதில்லை. திருவிழா முடிந்த கையோடு பஹ்ரைனுக்குப் போனவன், பஸ் ஏறும்போது அம்மா நெற்றியில் சிலுவை போட்டபோது மறுக்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நல்லாயிருக்கான் என்று இன்னாசிதான் சொல்கிறான். அங்கே யாரோ ஒரு பாலக்காட்டு அம்மா இவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுக்கிறாளாம், ஆக்னல் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறானாம். அதைக் கேட்ட அன்று பிலோமி அந்த முகம் தெரியாதவளுக்காக ஒரு முழு ஜெபமாலை சொன்னாள், ஒவ்வொரு மணிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் என்றாள் டெக்லாக்கா. அவள் இந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருந்து நர்ஸ் கூப்பிட்டாள், நாங்கள் இரண்டு பேரும் எழுந்து ஓடினோம்.

இவ்வளவு நேரம் கேட்டீர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது பஹ்ரைனில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். மீன்பிடி போட்டில் ஆக்னல் என்று ஒரு பையன், முள்ளித்துறை இன்னாசி மகன் என்று விசாரித்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிலோமி வீட்டுக்கு வந்திருப்பாள், அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள்.